எங்கள் தலைக்கு மேல் என்ன போடுகிறீர்கள்? திருகோணமலையில் வீட்டுப் படம் கீறுபவர்களுக்கும் மேசன்மாருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

படம் கீறும் தம்பி தங்கச்சிமாருக்கும், மேசன் அண்ணாமாருக்கும், கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் விடியவே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும் மேசன் நானாமாருக்கும் எழுதிக்கொள்வது.

இப்போது இரவு பத்தரை மணி, ஆனி மாதம். மேற்குப் பக்க அறையில் மாமியின் கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி இழுத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். பொழுதுபட்டு நாலு மணித்தியாலம் ஆகிவிட்டது, சுவரில் கை வைத்தால் ரொட்டி சுட்டு இறக்கிய தாச்சியைத் தொட்ட மாதிரி இருக்கிறது. மேலே கொங்கிறீட் சிலாப். அதைத் தொட்டுப் பார்க்கத் தேவையில்லை, கீழே நின்றாலே உச்சந்தலைக்குத் தெரியும். ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது, அது செய்வதெல்லாம் சிலாப்புக்குக் கீழே தேங்கி நிற்கும் வெக்கையை அள்ளி எங்கள் மேல் கொட்டுவதுதான்.

வீடு கட்டி ஐந்து வருடம். யார் படம் கீறினார், யார் கட்டினார் என்று சொல்லப்போவதில்லை. அவர்கள் வேலையில் பொய் செய்தவர்களும் இல்லை, சுவர் தூக்குநூல் பிசகாமல் நிற்கிறது, மாரியில் ஒரு சொட்டு ஒழுகியதில்லை. எங்கள் பிழையும் இருக்கிறது, பிறகு மேல்மாடி எடுக்கலாம் என்று சிலாப் கேட்டவர்கள் நாங்கள்தான். அந்த மேல்மாடி இன்னும் நாலு மூலையிலும் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது, நான் அதில் கயிறு கட்டி உடுப்புக் காயப்போடுகிறேன். ஆனால் படத்தை விரித்து வைத்து இவ்வளவு நேரம் கதைத்தவர்கள், மூன்று அறைக்கும் ஏசிக்கு இடம் குறித்து, துளை விட்டு, வயரும் இழுத்துத் தந்தவர்கள், தாழ்வாரம் என்று ஒரு கோடு கீறவில்லையே, அதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. வீட்டை அடுப்பாகக் கட்டுவோம், அணைக்கிற செலவை வீட்டுக்காரர் மாதாமாதம் பார்த்துக்கொள்ளட்டும் என்று முதலே முடிவெடுத்த மாதிரி.

நான் கட்டடம் படித்தவள் இல்லை, கணக்கு எழுதுகிற வேலை. ஐந்து வருடமாக வேகிறேன், அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த வடக்குச் சுவர்க் கதை. வடக்குப் பக்கம் ஏன் தாழ்வாரம் இல்லை என்று படம் கீறிய தம்பியிடம் கேட்டேன். "அக்கா, வடக்குப் பக்கம் வெயில் விழாது, சும்மா ஏன் காசு?" என்றார். நான் நம்பிவிட்டேன். அடுத்த வைகாசியில் பார்த்தால் வடக்கு யன்னல் விளிம்பில் வைத்த மெழுகுதிரி வளைந்து படுத்திருக்கிறது.

தம்பி படித்தது எங்கேயோ தூரத்து ஊருக்கான பாடம். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில் கிடக்கிறது. வருடாவருடம் வளிமண்டலவியல் திணைக்களம் சொல்கிறதே, ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே என்று, அதில் திருகோணமலையின் முறை வருவது 12ஆம் திகதி அளவில். அன்று மத்தியானம் முற்றத்துக் கொடிக்கம்பத்துக்கு நிழலே இராது. அதோடு சூரியன் எங்களைத் தாண்டி வடக்கே போய்விடும். ஆவணிக் கடைசியில்தான் மறுபடி தலைக்கு மேல் வந்து தெற்கே இறங்கும். ஆக, வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி என்று நாங்கள் அவியும் அந்த நாலு மாதமும் மத்தியான வெயில் வடக்குச் சுவரில்தான். நம்பாவிட்டால் ஆனியில் ஒரு நாள் பன்னிரண்டு மணிக்கு முற்றத்தில் நின்று பாருங்கள், உங்கள் நிழல் தெற்கே விழும். இதற்கு மருந்து பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனி மாதத்து மத்தியானச் சூரியன் உச்சியிலிருந்து பதினைந்து பாகைதான் சரிந்து நிற்கிறது, அந்தச் சரிவுக்கு இரண்டடி தாழ்வாரம் இருந்தாலே ஏழடிச் சுவர் நிழலில் நிற்கும். இரண்டடி! அதைத்தான் எனக்கு மிச்சம் பிடித்துத் தந்தார்.

மேற்குச் சுவர் வேறு கதை. அங்கே தாழ்வாரம் மட்டும் போதாது, நாலு மணி வெயில் தாழ்வாரத்துக்குக் கீழால் குனிந்து உள்ளே வரும். அந்தப் பக்கத்துக்கு ஒரு விறாந்தை வேண்டும், இல்லாவிட்டால் மரம், அதுவும் இல்லாவிட்டால் ஆட்கள் படுக்காத ஒன்றை அங்கே வைக்க வேண்டும்: குளியலறை, சாமான் அறை, மாடிப்படி. எங்கள் படத்தில் மேற்கே இருப்பது இரண்டு படுக்கையறை. கிழக்கே, காலையில் மட்டும் வெயில் பட்டு, மத்தியானத்துக்குப் பிறகு நிழலில் நின்று, படுக்கிற நேரத்துக்குள் ஆறிவிடுகிற அருமையான பக்கத்தில், கராஜ். எங்களிடம் கார் இல்லை. மோட்டார் சைக்கிள் ஒன்று அங்கே சொகுசாகத் தூங்குகிறது.

சரி, கூரைக்கு வருவோம். வெயில் காலத்தில் நம் ஊர் வீட்டுக்கு ஏறுகிற சூட்டில் பெரும்பங்கு கூரை வழியாகத்தான் இறங்குகிறது, சூரியன் மேலே நின்று கொட்டும்போது வேறு எந்த வழியாக வரும்? தகரமும் சிலாப்பும் இரண்டு விதமாக வதைக்கும். தகரம் மெல்லிசு, பத்து மணிக்கே கொதித்துவிடும், பொழுதுபட்டு அரை மணியில் ஆறியும் விடும். பகலில் தகரக் கொட்டிலில் இருக்க முடியாது, இரவில் படுக்கலாம். சிலாப் அப்படி இல்லை. ஐந்து அங்குலக் கொங்கிறீட் பகல் முழுக்க வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும், அந்தச் சூடு கீழ்ப்பக்கத்துக்கு வந்து சேர நாலைந்து மணித்தியாலம் எடுக்கும். அதனால்தான் சிலாப் வீட்டில் மத்தியானம் ஒரு மணிக்கு விருந்தாளி வந்தால் "நல்ல குளிர்ச்சியாக இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் இரவு ஒன்பது மணிக்கு வருவதில்லை. கடையில், கந்தோரில், பள்ளிக்கூடத்தில் ஆட்கள் பகலில் மட்டும் இருப்பார்கள், அங்கே சிலாப் பரவாயில்லை. வீடு என்பது ஆட்கள் இரவில் படுக்கிற இடம், அந்தக் கணக்குப் பார்த்தால் சூட்டைப் பிடித்து வைத்து இரவில் திருப்பித் தருகிற பொருளைப் படுக்கைக்கு நேர் மேலே, மேலே ஒரு நிழலும் இல்லாமல், போடக்கூடாது. போட்டால் அதற்கு ஒரு குடை போட வேண்டும்.

தண்ணீர்த் தாங்கியையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். கறுப்புத் தாங்கி, திறந்த சிலாப்பில், நடு உச்சியில். கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணற்றிலும் ஏழு விதமான சூடு என்று வெளியூர்க்காரர் வந்து வாளியால் அள்ளிப் பார்க்கிறார்கள், எங்கள் வீட்டுக் குழாயில் மணிக்கு ஒரு சூடு வருகிறது, நுழைவுச்சீட்டும் இல்லை. பின்னேரம் மூன்று மணிக்குச் சின்னவனைக் குளிப்பாட்ட வேண்டுமென்றால் காலையில் வாளியில் பிடித்து நிழலில் வைக்க வேண்டும். தாங்கிக்கு நாலு கம்பம் நட்டு மேலே இரண்டு தகரம் போட எவ்வளவு செலவு வரும்? இதையும் வீட்டுக்காரர்தான் பிறகு யோசிக்க வேண்டுமா?

இனி நான் செய்து பார்த்தவை.

முதல் வருடம் ஃபேன்களை மாற்றினேன். பிரயோசனம் இல்லை. ஃபேன் அறையைக் குளிராக்காது, வியர்வையைக் காயவைத்து ஆளைத்தான் குளிராக்கும், ஆள் இல்லாத அறையில் அதைச் சுற்ற விடுவது கரண்ட் பில்லுக்கு மட்டும் நல்லது. இரண்டாம் வருடம் யாரோ சொன்னார்கள் என்று ஈரச் சாக்கை யன்னலில் தொங்கவிட்டேன். அது கச்சான் காற்று அடிக்கிற நாளில் நன்றாக வேலை செய்தது, மற்ற நாளில் அறை இன்னும் புழுங்கியது. (கொறிக்கிற கச்சான் இல்லை, மலைநாட்டைத் தாண்டி ஈரமெல்லாம் இழந்து காய்ந்து வருகிற மேல்காற்றுக் கச்சான். இரண்டும் வறுபட்டதுதான்.) காற்று ஏற்கெனவே ஈரமாக இருக்கிற கடற்கரை ஊரில் ஈரச் சாக்குக்கு உலர ஆசை வராது, உலராவிட்டால் குளிர் எப்படி வரும்?

மூன்றாம் வருடம் பங்குனியில் சிலாப்புக்கு மேலே ஏறி வெள்ளை அடித்தேன். சிலாப்பைத் தும்புத்தடியால் தேய்த்துப் பாசியை எடுத்து, கழுவி, காயவிட்டு, சுண்ணாம்போடு கொஞ்சம் பசை கலந்து இரண்டு தரம். பக்கத்து வீட்டு அண்ணா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தங்கச்சி, வீட்டுக்கு உள்ளுக்கு அல்லவா பெயின்ற் அடிப்பார்கள், நீ என்ன ஹெலிகொப்ரருக்கா காட்டப்போகிறாய்?" என்று கேட்டார். காட்டவில்லை. மத்தியானம் செருப்பில்லாமல் அந்த வெள்ளையில் நடந்தேன், நடக்க முடிந்தது. அடிக்காமல் விட்ட ஒரு மூலை இருந்தது, அங்கே கால் வைத்துவிட்டுத் துள்ளினேன். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், கறுத்துப்போன சீமெந்து அதைக் குடிக்கும், இவ்வளவுதான் விசயம். அன்றிரவு மாமி கேட்காமலே சொன்னா, "இன்றைக்குக் கொஞ்சம் பரவாயில்லைப் பிள்ளை." மாமி வாயிலிருந்து அது வருவது சின்ன விசயம் இல்லை. ஆனால் இது நிரந்தர வைத்தியம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஐப்பசியில் தொடங்கி மார்கழி தாண்டியும் அடிக்கிற நம் மாரி, சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டு போய்விடும், மிச்சத்தில் பாசி பிடிக்கும். ஒவ்வொரு பங்குனியும் ஏற வேண்டும். கடையில் கூரைக்கென்று வெள்ளைப் பூச்சு இருக்கிறது, கூடக் காலம் நிற்கும், விலையும் அதற்கேற்ற மாதிரி.

உங்களிடம் என் கேள்வி, சிலாப் போட்டு முடித்து, தண்ணீர் கட்டி, நாள் கணக்கு முடிந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு போகும்போது, ஒரு நாள் கூடுதலாக நின்று அதற்கு வெள்ளை அடித்துவிட்டுப் போனால் என்ன? கூலியைத் தர மாட்டோம் என்று எந்த வீட்டுக்காரராவது சொல்வாரா?

ஓட்டு வீட்டைப் பற்றி எழுதினால் "பழசைப் புகழ வந்துவிட்டாள்" என்பீர்கள். கொஞ்சம் புகழத்தான் போகிறேன். அம்மம்மாவின் வீடு சாம்பல்தீவில் இருந்தது. சிவப்புச் சீமெந்துத் தரை, மூன்று பக்கமும் விறாந்தை, அதன் தாழ்வாரம் எவ்வளவு இறங்கியிருக்கும் என்றால் அப்பா குனிந்துதான் ஏறுவார். ஓட்டுக்கு ஓடு இடையில் இடுக்கு இருக்கும், சூடேறிய காற்று அதால் மேலே போய்விடும், யாரும் அதற்கு மோட்டார் வைக்கவில்லை. அம்மம்மா காலை ஒன்பது மணிக்கு மேற்கு யன்னல் பலகைகளைச் சாத்துவா. பின்னேரம் நாலரைக்குக் கிணற்றில் அள்ளி முற்றத்து மணலுக்குத் தண்ணீர் தெளிப்பா, அந்த மண் மணம் எழும்பும்போதுதான் யன்னலைத் திறப்பா. கடைசி வரை அவவுக்கு ஃபேன் ஒன்றே ஒன்று, அதையும் பெரும்பாலும் உமி பறக்கவிடத்தான் போடுவா.

ஆனால் அதே வீட்டில் மாரிக்கு ஏழு இடத்தில் சட்டி வைக்க வேண்டும். மட்டைத்தேள் ஓட்டுக்குள்ளிருந்து பாயில் விழும். எல்லாவற்றுக்கும் மேலே குரங்கு. குரங்கு ஓட்டுக்கு மேலே ஓடுவதை ஒரு தரம் கேட்டவர்களுக்கு, ஏன் ஊர் முழுக்க ஓட்டைக் கழற்றிச் சீற்றுக்கும் சிலாப்புக்கும் மாறியது என்று விளக்கம் தேவையில்லை. மரமும் விலை, ஓடும் விலை, ஓடு பிரித்துப் போட ஆளும் இல்லை. அதனால் ஓட்டு வீட்டுக்குத் திரும்புங்கள் என்று நான் கேட்கவில்லை.

நான் கேட்பது இடையில் இருக்கிற வழிகளை. ஜெஃப்ரி பாவா என்று நம் நாட்டுக் கட்டடக் கலைஞர், 2003இல் காலமானவர், உலகமெல்லாம் அவர் பெயரைச் சொல்கிறது. அவர் கூரைகளில் செய்த ஒரு காரியம் நெளிவுச் சீற்றைப் போட்டு அதன் மேல் அரைவட்ட ஓட்டை அடுக்கியது. ஒழுக்குக்குச் சீற், வெயிலுக்கு ஓடு. சீற்றில் வெயில் நேரே படுவதில்லை, ஓட்டுக்கும் சீற்றுக்கும் நடுவில் காற்று இருக்கிறது. நம் ஊர்க் கணக்குக்கு இன்னொரு லாபம், குரங்கு ஓட்டை உடைத்தாலும் வீடு ஒழுகாது. மரச்சட்டம் கொஞ்சம் பலமாக வேண்டும், அதுதான் செலவு. பாவா பணக்காரருக்குக் கட்டியவர் என்பீர்கள். சரி, பணமில்லாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்: தகரத்துக்கு மேலே கிடுகு போடுகிறார்கள். அதே யோசனைதான். கிடுகு இரண்டு வருடத்தில் உக்கிவிடும், நெருப்புக்குப் பயம், ஆனால் நிழல் நிழல்தான்.

அஸ்பெஸ்டோஸ் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கு வெள்ளை அடிக்கப் போகிறவர்கள் காய்ந்த சீற்றைத் தேய்க்கவோ சுரண்டவோ வேண்டாம், துளைப்பதென்றாலும் வெட்டுவதென்றாலும் நனைத்துவிட்டு, மூக்கை மூடிக்கொண்டு. அந்தத் தூள் நுரையீரலுக்குப் போனால் பிறகு எடுக்க வழியில்லை, புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். 2018இல் நம் நாட்டில் அதன் இறக்குமதியை நிறுத்தப் போனார்கள். அதற்குச் சற்று முன் 2017 மார்கழியில் நம் தேயிலைப் பெட்டியில் வண்டு இருந்தது என்று ரஷ்யா தேயிலையை நிறுத்தியது, அஸ்பெஸ்டோஸ் விற்கிற நாடும் ரஷ்யாதான், இங்கே தடையும் தள்ளிப்போனது. ஒரு வண்டு நம் கூரையைத் தீர்மானித்த கதை இது. சிரிப்பதா என்று தெரியவில்லை.

காற்றைப் பற்றி. உங்களில் பலருக்கு இப்போது அலுமினிய ஸ்லைடிங் யன்னலில் ஒரு காதல். பார்க்க அழகுதான், துடைப்பதும் லேசு. ஆனால் நாலடி யன்னல் போட்டால் எத்தனை அடி திறக்கும்? இரண்டடி. மற்றப் பாதிக்கு எப்போதும் கண்ணாடி மூடியிருக்கும், அதன் வழியாக வெயில் வரும், காற்று வராது. பழைய இரட்டைக் கதவு யன்னல் முழுதாகத் திறந்தது. அதற்கு மேலே இருந்த பான்லைட் துவாரத்தையும் இப்போது அடைத்துவிடுகிறீர்கள், கேட்டால் ஏசி போட்டால் குளிர் வெளியே போய்விடும் என்கிறீர்கள். ஏசி வாங்காத வீட்டுக்கும்! அந்தத் துவாரம்தான் மேலே நிற்கிற சூட்டுக்கு வாசல். காற்று வருவதற்கு ஒரு யன்னல் போதாது, எதிர்ப்பக்கம் போவதற்கு ஒன்று வேண்டும், ஊதுகுழலின் மறுமுனையைப் பொத்திக்கொண்டு ஊதிப் பாருங்கள்.

அடுத்தது மதில். முன்பு வளவுக்கு வேலி இருந்தது, கிடுகு வேலி, பூவரசு, கிளுவை. காற்று அதற்குள்ளால் நடந்து வந்தது. இன்று பத்துப் பேர்ச் காணிக்கு ஏழடிச் சீமெந்துக்கல் மதில் சுற்றி எழும்புகிறது, யன்னல் மதிலைப் பார்க்கிறது, மதில் வெயிலைக் குடித்து யன்னலுக்கு அனுப்புகிறது. நாம் ஏன் மதில் கட்டினோம் என்பதற்கு இந்த ஊரில் காரணங்கள் இருந்தன, அதை நான் குறை சொல்ல மாட்டேன். கடற்காற்று வருகிற கிழக்குப் பக்கத்திலாவது மேல் மூன்றடிக்குத் துளைக்கல் வைத்து எழுப்பலாம் அல்லவா? பின்னேரம் சில நாள் கடற்காற்று வரும், சில நாள் கச்சான் அதை உள்ளே விடாது, வருகிற நாளிலாவது அது எங்கள் அறை வரை வந்து சேரட்டும்.

நுளம்பை மறந்துவிட்டு இரவில் யன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொல்பவர்கள் இந்த ஊரில் படுத்ததில்லை. 2017இல் கிண்ணியா டெங்கில் பட்ட பாட்டை நாம் எல்லோரும் பார்த்தோம். அதனால் ஐந்தரை மணிக்கு ஊர் முழுக்க யன்னல் சாத்தும் சத்தம் கேட்கும், சரியாக வெளியே குளிரத் தொடங்கும் நேரத்தில். இதற்கு வழி வலை அடித்த யன்னல். வலை காற்றில் நல்ல பங்கைத் தடுத்துவிடும் என்பதால் யன்னலை முதலே கொஞ்சம் பெரிதாக வைக்க வேண்டும், அதாவது படத்திலேயே. வீடு முடிந்த பிறகு வலை அடிக்க வந்த தம்பி எங்கள் ஸ்லைடிங் சட்டத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்கு ஏலாது, கழற்றித்தான் செய்ய வேணும்" என்றுவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

ஏசிக்கு நான் எதிரி இல்லை. வயது போனவர்கள், நெஞ்சு வருத்தக்காரர், கைக்குழந்தை இருக்கிற வீட்டில் ஒரு அறைக்காவது அது வேண்டியிருக்கலாம், கிழக்கு மாகாணத்துக்கு வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை வருகிற நாட்களில் நானே மாமிக்காக யோசித்திருக்கிறேன். ஆனால் அதை நம்பி வீட்டைக் கீறக்கூடாது. 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றது ஞாபகம் இருக்கிறதா? அதே வருடம் ஆவணியில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது, அடுத்த மாசியில் இன்னும் 66 வீதம். கரண்ட் இல்லாத இரவில் சிலாப் வீட்டுக்காரர் எல்லோரும் பாயைத் தூக்கிக்கொண்டு சிலாப்புக்கு மேலே ஏறினோம். வீட்டுக்கு உள்ளே படுப்பதற்குத்தானே வீடு கட்டினோம்? நிழல் இல்லாத சிலாப்புக்குக் கீழே ஏசி போட்டால் அது அறையைக் குளிராக்குவதற்கு முன் சிலாப்பின் சூட்டோடு மல்லுக்கட்ட வேண்டும், பில்லில் நல்ல பங்கு அந்த மல்லுக்கட்டுக்குத்தான் போகும். வெளியே தள்ளுகிற சூடு பக்கத்து வீட்டு அண்ணாவின் யன்னலுக்கு.

இந்தச் சூட்டுக் கதை நம் மாகாணத்துக்குப் புதிதும் இல்லை. வடக்குக் கிழக்குக்கு 65,000 பொருத்து வீடு, இரும்பு வீடு, என்று ஒரு திட்டம் வந்தபோது நாம் எல்லோரும் சொன்னோம், இந்த வெயிலுக்கு இது சரிவராது என்று. சத்தம் போட்டோம், எழுதினோம், அது நின்றது. நல்லது. அதன் பிறகு நாமே காசு போட்டு, நாமே மேசன் பிடித்து, சீமெந்தில் அதே சூட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். இந்திய வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாய்க்குக் கட்டிய சின்ன வீடுகளைப் போய்ப் பாருங்கள், பல வீட்டில் சனம் குடிவந்த கையோடு செய்த முதல் வேலை முன்னால் ஒரு பத்தி இறக்கியது. நாலு கம்பு, இரண்டு தகரம், மேலே கிடுகு, கீழே ஒரு வாங்கு. பகல் முழுக்கச் சீவியம் அந்தப் பத்தியில்தான், வீடு பூட்டிக் கிடக்கும், உள்ளே நெல் மூட்டை இருக்கும். சனத்துக்கு என்ன வேண்டும் என்பதை அந்தப் பத்தி சொல்லிக்கொண்டு நிற்கிறது, படத்தில்தான் அதற்கு இடமில்லை.

மரத்தைச் சொல்லாமல் விட்டால் மனம் ஆறாது. எங்கள் காணியின் மேற்கு மூலையில் ஒரு வேம்பு நின்றது, இரண்டு கையாலும் கட்டிப் பிடிக்கிற அளவு. மண் லொறி திரும்புவதற்கு இடைஞ்சல் என்று ஒரு காலையில் தறித்துவிட்டார்கள், நாங்கள் வந்து பார்க்கும்போது கொத்தி அடுக்கியிருந்தது. லொறி வந்தது மொத்தம் ஆறு தரம். அந்த வேம்பு நின்றிருந்தால் மாமியின் சுவருக்கு மூன்று மணியிலிருந்து நிழல். இப்போது நட்ட கன்று என் தோளுக்கு நிற்கிறது. படம் கீற வரும்போது டேப்பை விரிப்பதற்கு முன்னால் மரங்களைக் குறியுங்கள், எது எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்று, வீட்டை ஐந்தடி தள்ளி வைக்கலாம், வேம்பைத் தள்ளி வைக்க ஏலாது. வருவதையும் காலை எட்டு மணிக்கு வராமல் ஒரு தரம் பின்னேரம் மூன்று மணிக்கு வாருங்கள்.

தாழ்வாரம் கேட்டால் நீங்கள் சொல்கிற பதில் எனக்குத் தெரியும்: "நீட்டினால் காற்றுத் தூக்கும்." அது சும்மா பேச்சு இல்லை. 1964 மார்கழிப் புயல் இந்த ஊரை என்ன செய்தது என்று அம்மம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன், 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவி நமக்கு வடக்கே கரையேறியதை நாமே விழித்திருந்து பார்த்தோம். ஆனால் அதற்கும் வழி இருக்கிறதே, விறாந்தைக் கூரையை வீட்டுக் கூரையோடு ஒரே வீச்சில் இழுக்காமல் தனியாகக் கட்டினால், போனாலும் அது மட்டும் போகும், வீடு திறபடாது.

அதனால் கடைசியாக உங்களிடம் ஒரு தொழில் கேள்வி. சிலாப்புக்கு மேலே குடை போடத் தீர்மானித்துவிட்டோம். இரும்புக் குழாய் நேற்று வந்து இறங்கியது, தகரம் வெள்ளை நிறம், பக்கம் நாலும் திறந்தபடி, நடுவில் காற்றுப் போக இடம் விட்டு. மேல்மாடிக்கு விட்ட அந்தக் கம்பிகளிலேயே கால்களைப் பிடிக்கலாம் என்று ஒரு மேசன் நானா சொல்கிறார், துரு ஏறிய கம்பியை நம்பாமல் சிலாப்பில் புதிதாகப் போல்ட் அடி என்கிறார் இன்னொரு அண்ணா. போல்ட் அடித்தால் ஒழுகுமா? உயரம் மூன்றடி போதுமா, அல்லது உடுப்புக் காயப்போட நான் நிமிர்ந்து நிற்கிற மாதிரி ஆறரை அடி எடுத்தால் மார்கழிக் காற்றுக்கு நிற்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வேலை அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது.